வெயிலில் நிறுத்திய வண்டி

சர்வீஸ் சென்டர் கொட்டகையில், டை கட்டிய அட்வைசர் காரின் பின் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் ‘டப்’ என்று கனமான ஒரு சத்தம். ஒவ்வொரு தடவையும் கதவு கச்சிதமாகப் பூட்டிக்கொண்டது. வண்டியை இப்போதுதான் குளிப்பாட்டியிருந்தார்கள். கதவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அட்வைசர் கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குச் சொந்தக்காரனைப் பார்த்தார். “பூட்டு கல்லு மாதிரி இருக்கு சார். கம்பெனி திரும்பக் கூப்பிட்ட ரீகால் லிஸ்ட்ல உங்க வண்டி இருக்கறது உண்மைதான். அதுக்காக லிஸ்ட்ல இருக்கற எல்லா வண்டிக்கும் கோளாறுன்னு சொல்ல முடியாது. செக் பண்ணோம், குறை இல்லன்னு எழுதிடறேன்.”

பக்கத்தில் நின்ற மச்சான் தொண்டையைச் செருமினார். அவனுடைய இறந்துபோன மனைவியின் அண்ணன். இதைத் தன் காதால் கேட்டுவிட்டுப் போகவே வெளியூரிலிருந்து ரயிலேறி வந்தவர். “கேட்டியா மாப்ள? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.” சொன்ன பிறகு அவருக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்வைசரின் டையைப் பார்த்தார்.

அவன் கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தான். போன மாதம் ஒரு மத்தியானம், பள்ளியிலிருந்து மகளை அழைத்து வரும்போது, மேம்பாலத்து வளைவில் பின் கதவு ஆவென்று திறந்துகொண்டது. சீட் பெல்ட் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. புத்தகப் பை ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த வேன் அதன்மேல் ஏறி நின்றது. வேன்காரர் இறங்கி வந்து, “பெத்துட்டா போதுமாய்யா? கதவச் சாத்தத் தெரியாதா?” என்று கத்தினார். சாத்தினேன் என்று அவனால் சொல்ல முடியவில்லை. சாத்தியதாக ஞாபகம் இல்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி திரும்பி வராததிலிருந்து அவனுக்கு எதுவும் ஞாபகத்தில் தங்குவதில்லை. அடுப்பை எரியவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான். வீட்டைத் திறந்துபோட்டு ஆபீசுக்குப் போயிருக்கிறான். கைகள் தம்பாட்டுக்கு வேலை செய்தன; எதைச் செய்தோம், எதை விட்டோம் என்று அவை அவனிடம் சொல்வதில்லை.

“நீ மூடினப்பா. டப்புனு கேட்டுச்சு,” என்றாள் மகள். அன்றைக்கு மட்டுமில்லை, கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். ஐந்து வயசு. அப்பாவை மாட்டிவிடக் கூடாதென்று பொய் சொல்லப் பழகிவிட்டாள் என்றுதான் அவன் நினைத்தான். கதவு திறந்ததைவிட அதுதான் அவனை அறுத்தது. அவளை மடியில் உட்காரவைத்து, “அப்பாவுக்காகக்கூடப் பொய் சொல்லக் கூடாது குட்டிமா,” என்று சொன்னான். அவள் உதட்டைப் பிதுக்கி அழுதாள். அன்றிலிருந்து அதைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

விஷயம் மச்சான் காதுக்குப் போனது. பள்ளி திறக்கும்போது பாப்பா எங்கள் வீட்டிலேயே இருந்து படிக்கட்டும் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நல்லபடியாகத்தான் சொன்னார். “உன்மேல குத்தம் சொல்லல மாப்ள. நீ இப்போ நீயா இல்ல.” அது உண்மையாக இருந்ததால் அவனால் மறுக்க முடியவில்லை. இடையில் இந்த ரீகால் வந்தது: பின் கதவுப் பூட்டில் குறை இருக்கக்கூடும், கொண்டு வந்தால் சோதித்து இலவசமாக மாற்றித் தருவோம் என்று கம்பெனியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. வண்டியைப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மச்சானிடம் தவணை வாங்கியிருந்தான். அந்தத் தவணை இந்தக் கொட்டகையில், சொட்டும் தண்ணீரோடு முடிந்துகொண்டிருந்தது.

“இன்னொரு தடவை பாக்கணும்,” என்றான்.

“எத்தனை தடவை பாத்தாலும் இதேதான் சார்.”

“இப்போ இல்ல. வெயில்ல நிறுத்தி, மத்தியானமா.”

அட்வைசர் சிரித்துவிட்டார். “வண்டி என்ன சார் ஈரத்துணியா, வெயில்ல காயப் போட?”

அவன் செல்போனை எடுத்து நீட்டினான். இதே வண்டி வைத்திருப்பவர்களின் வாட்சப் குழு அது. ஏழு பேர் போகிற வண்டி என்பதால் ஏழு பேரின் குறையும் அங்கே வரும். ஏசி பின்சீட்டுக்கு எட்டவில்லை, மேற்கூரைக் கண்ணாடி ஒழுகுகிறது, கம்பெனிக்காரன் கண்டுகொள்வதே இல்லை. யாரும் யாருடையதையும் படிப்பதில்லை. அவரவர் குறையைக் கொட்டிவிட்டுப் போவதோடு சரி. தூக்கம் வராத ஆள் என்பதால் அவன் மட்டும் எல்லாவற்றையும் படித்திருந்தான். கேக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா எழுதியிருந்தார்: ‘வெயில்ல நின்னாத்தான் என் வண்டி பின் கதவு ஏமாத்துது. சர்வீசுக்குக் கொண்டு போனா மொதல்ல குளிப்பாட்டி விட்டுடறாங்க. குளிச்சதும் நல்ல பிள்ளை மாதிரி நடிக்குது.’ அதற்குக் கீழே யாரோ ஒருவர் கட்டைவிரலைப் போட்டிருந்தார். அவ்வளவுதான்.

அட்வைசர் அதைப் படித்தார். சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். எந்த வண்டி வந்தாலும் முதலில் கழுவு, பிறகு கை வை என்பது அந்த இடத்துச் சட்டம். அழுக்கு வண்டியைத் தொட்டால் முதலாளிக்குப் பிடிக்காது. கொஞ்ச நேரம் டையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, “சரி, நிறுத்துங்க,” என்றார்.

வண்டி நிழலே இல்லாத பின்பக்கத்து மைதானத்துக்குப் போனது. அவர்கள் கண்ணாடி அறையில் காத்திருந்தார்கள். கூடவே வந்திருந்த மகள் நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்து எது அதிகம் கிரீச்சிடுகிறது என்று சோதித்தாள். மச்சான் ஒரே பத்திரிகையைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். “நல்லா விசாரிச்சுத்தான் மாப்ள இந்த வண்டிய வாங்கச் சொன்னேன். என் தங்கச்சி போற வண்டி. இதையே நம்பித்தான் நானும் ஒண்ணு வாங்கினேன்,” என்றார், யாரும் கேட்காமலே. அவன் தலையாட்டினான். கண்ணாடிக்கு அப்பால் வண்டியின் கூரைமேல் காற்று நெளிந்துகொண்டிருந்தது.

உச்சி வெயிலில் ஃபோர்மேனும் வந்து சேர்ந்தார். அட்வைசர் மறுபக்கக் கதவு வழியாக ஏறி, பிள்ளை உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தார். அதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. “நீங்களே மூடுங்க சார். எப்பவும் மூடற மாதிரி.”

எப்பவும் எப்படி மூடுவான்? அது அவனுக்குத் தெரியாது. கதவின் விளிம்பில் கை வைத்தான். சுட்டது. தள்ளினான்.

டப்.

“கதவு திறந்திருக்குன்னு காட்டற லைட் அணைஞ்சிடுச்சு. மூடியாச்சு,” என்றார் முன்சீட்டில் இருந்த ஃபோர்மேன்.

உள்ளே அட்வைசர் கைப்பிடியைத் தொடவில்லை. இரண்டு விரலால் கதவை மெல்லத் தள்ளினார். கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டது. காற்று வாங்கத் திறந்துவிட்டது போல.

மச்சான் அவனை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். கதவைப் பிடித்து, வண்டியே ஆடும்படி அறைந்தார். டப். இரண்டு விரல். திறந்தது. இன்னொரு தடவை அறைந்தார். திறந்தது. “உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும் சார். சூட்டுல உப்பி கொக்கியப் பாதியிலயே நிறுத்திடுது போல. பூட்டை மாத்தணும்,” என்றார் ஃபோர்மேன், கதவிடுக்கில் டார்ச் அடித்துக்கொண்டே.

மகள் அவன் சட்டையை இழுத்தாள். “அதே சத்தம்தான்ப்பா. நான் சொன்னேன்ல?”

“சொன்ன,” என்றான். குனிந்து மறுபடி சொன்னான். “சொன்ன குட்டிமா. நீ சொன்னதுதான் நிஜம். அப்பாதான் நம்பல.”

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “சுடுது, தூக்கு,” என்றாள். தூக்கிக்கொண்டான். நெஞ்சுக்குள் இத்தனை நாள் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது போலவும், இப்போது எழுந்து போய்விட்டது போலவும் இருந்தது. அடுப்பை அணைக்காமல் போனது அவன்தான், அதற்கெல்லாம் பூட்டைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இவள் பொய் சொல்லவில்லை. அவனுக்காக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் மச்சானைப் பார்த்தான். அவர் முகம் வெளுத்திருந்தது. செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் நடந்துகொண்டிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது போலும். காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், மறுபடி போட்டார். அவர் மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள். இதே வண்டி. இதே வெயில்.

“எடு... எடு தாயி...”

எடுத்தாள்.

“எங்க இருக்க? ...செருப்புக் கடையிலயா? பசங்க? ...ரெண்டு பேரும் உள்ளயா? சரி. அங்கயே இரு. வண்டில ஏறாத. டாக்சி பிடி. ஏன்னு கேக்காதடி, ஏறாதன்னா ஏறாத. ...எனக்கு ஒண்ணுமில்ல. அழறதெல்லாம் இல்ல, வேர்வை.”

செல்போனைப் பையில் போட்டுவிட்டு மைதானத்து ஓரத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். அவன் மகளோடு போய்ப் பக்கத்தில் நின்றான். பின்னால் அட்வைசர் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். காலையில் சோதித்து அனுப்பிய வண்டிகளை எல்லாம் திரும்பக் கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான்தானே மாப்ள இதை வாங்கச் சொன்னேன்.”

“நீங்க பூட்டு செய்யல மச்சான்.”

மச்சான் அண்ணாந்து பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அவன் பிடித்துத் தூக்கிவிட்டான்.

பூட்டு வர நாளாகும் என்றார்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். கூட்டம் இல்லை. மகள் ஜன்னலோரம், நடுவில் மச்சான், இந்த ஓரம் அவன். “பள்ளிக்கூடம் இங்கயே இருக்கட்டும் மாப்ள,” என்றார் மச்சான், ஒரு சிக்னலில். “லீவுக்கு மட்டும் அனுப்பு. நீயும் வா. ரெண்டு நாள் தூங்கிட்டுப் போ.” அவன் சரி என்றான். கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில் அப்படித் தூக்கம் வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

“அப்பா! அந்த மொட்டை மாடில ஒரு ஆடு நிக்குது!”

“நாலு மாடி ஏறி ஆடு எப்படிம்மா போகும்?” என்றார் மச்சான், திரும்பாமலே.

அவன் எழுந்தான். மச்சானின் முழங்காலைத் தாண்டி, ஓடும் பஸ்ஸில் தடுமாறிக் குனிந்து, மகளின் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்து, அவள் கண் இருக்கும் உயரத்திலிருந்து வெளியே பார்த்தான். தண்ணீர்த் தொட்டிகளும் காயும் துணிகளும் வரிசையாக ஓடின. “எங்க?” என்றான். அவள் விரல் சூடான கண்ணாடியில் நகர்ந்துகொண்டே போனது.