தொட்டியில் ஊறிய ஊர்கள்

"தண்ணியிலயா போட்ட? எல்லாத்தையுமா?"

வெல்மா போட்ட சத்தத்தில், சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஆர்வினைப் புதைத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள்.

"ஸ்டாம்பு ஸ்டாம்புன்னு ரெண்டு பேரும் உசிரை விடுவீங்களே," என்றாள் விதவை லொரெய்ன், உருளைக்கிழங்கு சாலட்டைக் கிளறியபடி. "உனக்குக் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. உரிச்சு, காயவெச்சு, டப்பாவுல போட்டுக் குடுத்திருக்கேன். நீ நன்றி சொல்லணும்."

மகள் டார்லா காபி ஜாடியோடு இருவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

ஆர்வினும் பக்கத்துத் தெரு வெல்மாவும் அந்த ஓஹாயோ வட்டாரத்தில் மூடிப்போன தபால் நிலையங்களைத் தேடித் திரிந்தவர்கள். ஊரே காணாமல் போயிருக்கும்; அதன் முத்திரை விழுந்த அஞ்சலட்டை மட்டும் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். முத்திரையில் பாதி ஸ்டாம்பின் மேல், பாதி அட்டையின் மேல். ஸ்டாம்பை உரித்தால் ஊர்ப்பெயர் இரண்டு துண்டு. முப்பது வருஷம், சனிக்கிழமைதோறும் ஒரே காரில் போய்வந்தார்கள். தெரு எவ்வளவோ துப்பறிந்து பார்த்தது. அட்டையைத் தவிர ஒன்றும் அகப்படாததில் தெருவுக்கே வருத்தம்தான்.

"எனக்கென்ன தெரியும்? நான் காபி ஊத்துறவ," என்றாள் லொரெய்ன்.

டார்லா தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டாம்பு கிளப்காரர்கள் வீட்டு மேசையில் கூடும்போதெல்லாம், அட்டைகளிலிருந்து கோப்பைகளைத் தள்ளித் தள்ளி வைத்த அம்மாவைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். ஒரு சொட்டு சிந்தியதில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த காலையில், மாற்றுடுப்பு எடுக்க வந்தபோது டார்லா பார்த்திருந்தாள். சமையலறைத் தொட்டி நிறைய அட்டைகள். அம்மா சட்டைக் கையை மடித்துவிட்டு ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா உன்னைத் தேடுறாரும்மா."

"என்னையா?" என்றாள் அம்மா, திரும்பாமல்.

அவர் தேடியது வெல்மாவை. டார்லாவுக்குப் பொய் சரியாக வராது.

வெல்மா டப்பாவைத் திறந்தாள். எழுத்துகள் பாதிப் பாதியாகக் கிடந்தன.

"கடைசியா ரெண்டு ஊர்தான் பாக்கி இருந்துச்சு, லொரெய்ன்."

"ஊர் ஊராப் போனீங்களே, எந்த ஊர்லேர்ந்தாவது என் பேருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்காரா? நீதான் கூட இருந்தவ, சொல்லு."

வெல்மா டப்பாவை மூடினாள். பாதிரியார் மனைவி அவசரமாக வந்து, ஆப்பிள் பை யாருக்கு வேண்டும் என்று கேட்டாள். எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

அடுத்த வசந்தத்தில் வெல்மா வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் தங்கையிடம் போய்விட்டாள். டார்லா டொலீடோவுக்குக் குடிபோனாள். லொரெய்ன் எல்மரைக் கட்டிக்கொண்டாள்; துக்க ஆடையின் மடிப்பு கலைவதற்குள் என்று தெரு சொன்னது. ஓய்வுபெற்ற லாரி டிரைவர், எதையும் சேர்க்காத மனிதர். நல்லவர். அவளை விட்டுவிட்டு எங்கும் போவதில்லை.

தபால் வண்டி வரும் நேரத்துக்கு அவள் ஜன்னலருகே போய் நிற்கிறாளாம். எல்மர் கேட்டால், பனி விட்டுச்சான்னு பாக்குறேன் என்கிறாளாம். ஜூலையிலும்.