நூலகத்தில் நான் இரவல் போன நாள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க ஆய்வேடு மட்டும் போதாது, புள்ளியும் வேண்டும். கருத்தரங்கில் உட்கார்ந்தால் புள்ளி, ரத்தம் கொடுத்தால் புள்ளி, மரம் நட்டால் புள்ளி. மரம் பிழைக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நான் நட்டவை எல்லாம் காய்ந்துவிட்டன. புள்ளிகள் செழிப்பாக இருக்கின்றன.

இந்தப் புள்ளிகள் அதிகம் விளைகிற இடம் நூலகம். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பயிற்சி, அடிக்குறிப்பு போடும் பயிற்சி, வாசிப்புத் தூதர் போட்டி என்று வாரம் தவறாமல் ஏதாவது நடக்கும். வாசிப்புத் தூதர் என்றால் தோளில் பட்டுப் பட்டை, தலையில் கிரீடம் எல்லாம் உண்டு. போன வருஷத் தூதர் கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று கேட்டதற்கு அழுதுவிட்டாள். எந்த நிகழ்ச்சி என்றாலும் முடிவில் ஒரு சான்றிதழும் ஒரு பலகாரப் பெட்டியும் தருவார்கள். எங்கள் சோலோ நகரத்து மாணவர்கள் அறிவுப் பசியோடு இருக்கிறார்கள் என்று துணைவேந்தர் ஒருமுறை மேடையில் சொன்னார். பசி என்ற வரைக்கும் சரி.

என் ஆய்வேடு முடிந்துவிட்டது. வாய்மொழித் தேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் துறை அலுவலகம் கதவை மூடிவிடும். அதற்குள் பெயர் கொடுக்கவில்லை என்றால் இன்னும் ஆறு மாதம். கிளாத்தேன் பக்கத்தில் எங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கியில் எனக்கென்று சொல்லி வைத்திருந்த நாற்காலி ஆறு மாதம் காலியாக இருக்காது. அம்மா அந்த நாற்காலியை நம்பித்தான் வீட்டில் எல்லாக் கணக்கையும் போட்டு வைத்திருந்தாள்.

என்னிடம் கொஞ்சம் புள்ளி குறைந்தது. புள்ளிகள் விளைந்த மாதங்களில் நான் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அப்புறம் அப்பா இறந்துவிட்டார். வீட்டில் சாவு என்றால் புள்ளியில் சலுகை உண்டு, கேட்டால் கொடுப்பார்கள். நான் கேட்கவில்லை. 'அப்பா இறந்துட்டார்' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறும். அதற்கு ஈடாக என் முகமும் மாற வேண்டும். அப்படி ஒரு முகம் என்னிடம் கைவசம் இல்லை. நூலகத்தில் யாருக்கும் தெரியாது. என் அறைத்தோழன் தனாங்குக்கே தெரியாது. ஊரில் வேலை இருந்தது என்று சொல்லியிருந்தேன். வேலைதான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் நூலகம் 'மனிதப் புத்தக நாள்' அறிவித்தது. மாணவர்கள் புத்தகமாக மேசையில் உட்கார வேண்டும். மற்றவர்கள் வந்து அவர்களைக் கால் மணி நேரம் இரவல் எடுத்து, கதை கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாசகனுக்குச் சொற்பப் புள்ளி, புத்தகத்துக்கு நிறைய. ஆனால் மூன்று பேராவது இரவல் எடுத்தால்தான் புத்தகத்துக்குப் புள்ளி. அந்த நிறைய எனக்குப் போதும்.

நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொள்கிற ரெத்னோ அம்மா என்னை நேர்காணல் செய்தார்.

"உங்கிட்ட என்னப்பா விசேஷம்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பாம்பு கீம்பு கடிச்சிருக்கா?"

"இல்ல."

"வெளிநாடு போயிருக்கியா?"

"ஜோக்ஜா போயிருக்கேன்."

"அது பக்கத்து ஊருய்யா. காதல் தோல்வி?"

"தோல்வி வர்ற அளவுக்குப் போனதில்லம்மா."

"வீட்ல ஏதாவது?"

"இல்ல."

ரெத்னோ அம்மா பேனாவை மூடினார். பிறகு என் மேல் இரக்கப்பட்டு அவரே தலைப்பு வைத்தார்: 'வாஸ்கித்தோ — ஒரு சாதாரண மாணவன்.'

கிளம்பும்போது கூப்பிட்டார். "உங்கம்மாகிட்ட சொல்லுப்பா, இந்த வெள்ளிக்கிழமையும் பெட்டி அவங்கதான் போடணும். லெம்பர்ல கோழி கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

அம்மா போன வருஷத்திலிருந்து நூலகத்துக்குப் பலகாரப் பெட்டி கட்டித் தருகிறாள். ஏற்பாடு செய்தவன் நான். அந்த வெள்ளிக்கிழமைதான் அப்பாவுடைய நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. இரவு இஷா தொழுகைக்குப் பிறகு ஊர் ஆண்கள் வீட்டுக்கு வந்து ஓதுவார்கள், போகும்போது ஆளுக்கு ஒரு பெட்டி கொடுக்க வேண்டும். ஒரே அடுப்பில் இரண்டு வேலையும் ஆகும் என்று அம்மா ஒத்துக்கொண்டாள். அதே வெள்ளை அட்டைப்பெட்டி, கோழி வைத்து வாழையிலையில் சுருட்டிய அதே லெம்பர்ச் சோறு, அதே குட்டித் தண்ணீர்க் குவளை. உள்ளே வைக்கிற துண்டுத் தாள் மட்டும்தான் வேறு.

"நீ போய்ப் பேரக் குடுத்துட்டு வா. இங்க எடுபிடிக்கு மச்சான் இருக்காரு" என்றாள் அம்மா. மச்சான் என்றால் என் அக்கா புருஷன். மூட்டை கட்டுவதில் கெட்டிக்காரர். எந்த மூட்டை என்பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் புத்தகங்கள் எல்லாம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் மேசைக்கு ஒன்றாக உட்கார்ந்தோம். எனக்கு இடப்பக்கம் லாவு மலையில் வழிதவறி, பச்சை இலை தின்று உயிர்பிழைத்த பையன். வலப்பக்கம் பேய் தெரிகிற பெண். அவள் மேசைக்கு முன்னால் வரிசை கழிப்பறை வரை நீண்டிருந்தது. ஒலிபெருக்கி தனாங் கையில் இருந்தது.

"பேய்ப் புத்தகத்துக்கு முன்பதிவு முடிஞ்சுது மக்களே! மலைப் புத்தகம் ரெண்டு இடம் இருக்கு! சாதாரண மாணவன்... அவன் எப்பவும் இருப்பான், அவசரமில்ல!"

என்னிடம் ஒரு வாசகன் வந்தான். பொறியியல் துறை. என் மேசைக்குக் கீழே மின்சாரம் இருந்தது. செல்பேசியைச் செருகிவிட்டு உட்கார்ந்தான்.

"கதை சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம்ணே. நீங்க உங்க வேலையப் பாருங்க."

மணி அடித்ததும் எழுந்து போனான். ரெத்னோ அம்மா அவனையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் வேண்டும். அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் வரவில்லை. மலைப்பையன் மூன்றாம் தடவையாக இலை தின்றுகொண்டிருந்தான்.

தனாங் பக்கத்தில் வந்து குனிந்தான். "டேய், உன்னப் பழைய பேப்பர்காரன்கூட எடுக்க மாட்டான்டா. கையைக் காலையாவது உடைச்சிக்க."

"இப்ப உடைச்சா செல்லுமா?"

"ரெத்னோ அம்மாவக் கேட்டுச் சொல்றேன்."

அப்போது பலகாரப் பெட்டிகள் வந்தன. கூடம் முழுக்க அட்டை பிரிகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் ஒவ்வொரு வரிசையாக நின்றது. எனக்குப் பெட்டி இன்னும் வரவில்லை, அதனால் காரணம் தெரியவில்லை. லெம்பரில் கோழி குறைந்துவிட்டதோ என்று பயந்தேன்.

தனாங் ஒரு துண்டுத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். மேலே அப்பாவின் படம். அக்கா கல்யாணத்தில் பூவேலைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார், தோளில் யாருடைய கையோ இருக்கிறது. நகல் கடையில் நின்று நான்தான் வெட்டிக் கொடுத்தேன். கையை மட்டும் எடுக்க முடியவில்லை. கீழே, 'மர்ஹூம் வாகிமான் அவர்களின் நாற்பதாம் நாள். அன்னாருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுமாறு வேண்டுகிறோம்.' அதற்கும் கீழே அம்மா பெயர், அக்கா பெயர், மச்சான் பெயர், என் பெயர்.

தனாங் என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். மூக்கு ஒன்றுதான்.

"உங்கப்பாவாடா?"

"ம்."

"இறந்துட்டாரா?"

"பெட்டி மாறிப் போச்சு. மச்சான் மாத்தி ஏத்திட்டாரு."

"நான் அதக் கேக்கல, நாயே."

அவன் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாதிரியேதான். போய் ஒலிபெருக்கியை எடுத்தான். பகடி ஏதும் பண்ணுவான் என்று நினைத்தேன். "எல்லாரும் ஒரு நிமிஷம் சாப்பிடுறத நிறுத்துங்க" என்றான். "நம்ம வாஸ்கித்தோவோட அப்பாவுக்கு, அல்ஃபாத்திஹா." கூடமே ஓதியது. வாயில் லெம்பர் இருந்தவர்கள் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஓதினார்கள். கிறிஸ்தவப் பையன்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். என் வாயும் தானாக ஓதியது. அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே அவ்வளவு பேர் ஒரே குரலில் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வரிசை வந்துவிட்டது. முதல் ஆள் கையைப் பிடித்துக்கொண்டு "பொறுமையா இருங்கண்ணே" என்றான். நான் பொறுமையாகத்தான் இருந்தேன். அடுத்தவன் எப்படி இருக்கிறது என்று கேட்டான். "ஒண்ணும் இல்ல" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூன்று பேர் தாண்டிவிட்டது. ரெத்னோ அம்மா மேசைக்கு வந்தார்.

"ஏன்யா, வீட்ல ஏதாவதுன்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்கம்மா."

"சலுகை கேக்கவும் நாள் தாண்டிப்போச்சே. சரி விடு. உனக்குப் புள்ளி ஏத்தியாச்சு. இந்தா சீட்டு. நாலு மணிக்குள்ள துறை ஆபீஸ்ல கொண்டு போய்க் குடுத்துடு. உன்னக் கும்பிடுறேன், மறந்துடாத."

பேய் தெரிகிற பெண் தன் வரிசையை விட்டு எழுந்து வந்தாள். குரலைத் தாழ்த்தி, "உங்கப்பா உங்க பின்னாடிதான் நிக்கிறாரு" என்றாள்.

"என்ன பண்றாரு?"

"சிரிக்கிறாரு."

"அப்ப அது எங்கப்பா இல்லக்கா. வேற யாருக்கோ வந்திருப்பாரு, விசாரிங்க."

சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். அப்போது வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடையில் ஒரு முதல் வருஷப் பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். லாராஸ், ஊர் வொனோகிரி என்றாள். வாசலில் தனாங் மோட்டார் சைக்கிள் சாவியை ஆட்டிக் காட்டினான். இன்னும் ஒருவரிடம் பேசிவிட்டுப் போனாலும் நேரம் இருந்தது. உட்கார்ந்தேன்.

அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நீங்க அழுதீங்களாண்ணே?" என்றாள்.

"இல்ல."

"வரும்னு சொன்னாங்களா?"

"எல்லாரும் சொன்னாங்க."

"எங்கிட்டயும் சொன்னாங்க. நோன்பு மாசத்துல அம்மா போனாங்க. எல்லாரும் அழுதாங்க. நான் தட்டு கழுவிட்டிருந்தேன். நல்லாக் கழுவுனேன்." தன் விரல்களைப் பார்த்தாள். "அக்கா என்னக் கல்லுன்னு திட்டினா. நீங்க அன்னிக்கு என்ன பண்ணீங்க?"

இதை யாரும் கேட்கவில்லை. யோசித்தேன்.

"செருப்பு அடுக்கினேன்."

"செருப்பா?"

"வந்தவங்க வாசல்ல கழட்டிப் போட்டிருந்தாங்கல்ல. ஜோடி ஜோடியா எடுத்து வச்சேன். எங்கப்பா செருப்பும் அங்கதான் கெடந்துச்சு. அதையும் வரிசையில வச்சிட்டேன். யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

"தேடினீங்களா?"

"தேடல. அவர் செருப்பு கொஞ்சம் ஒரு பக்கமா தேஞ்சிருக்கும். போட்டவனுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. அது சிரிப்புதானா என்று தெரியவில்லை. மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"புத்தகம்னா தவணை நீட்டிக்கலாம்ல?" என்றாள்.

வாசலில் தனாங் இப்போது இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். துறை அலுவலகம் வளாகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. இப்போது கிளம்பினால் கதவு மூடுகிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம். வங்கி நாற்காலி ஞாபகம் வந்தது. அம்மாவின் கணக்கு ஞாபகம் வந்தது. எல்லாம் நன்றாகவே ஞாபகம் வந்தது. ஆனால் கால் எழவில்லை.

"உங்கம்மா எப்படித் தட்டு கழுவுவாங்க?" என்று கேட்டேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

தனாங்கின் வண்டியில் நாங்கள் போனபோது துறை அலுவலகத்தில் பூட்டு தொங்கியது. தனாங் கதவை ஒரு உதை விட்டான். "உனக்கு மூளையே இல்லையாடா? ஆறு மாசம்! பேசுறதுன்னா நாளைக்குப் பேசக் கூடாதா? அவ எங்கடா ஓடிப் போறா?" ஊருக்குப் போகிற வழியில் தேநீர்க் கடையில் நிறுத்தி, என்னைக் கேட்காமலே எனக்கும் சர்க்கரை போட்ட டீ சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து திட்டினான். நாற்பதாம் நாள் ஓதலுக்கு அவனும் வருகிறானாம். அழைப்பு அவன் பெட்டியிலேயே இருந்ததாம்.

அங்கிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பொட்டி மாறிப்போச்சு தம்பி. இங்க இருக்குற எல்லாத்துலயும் 'இன்றைய நிகழ்ச்சி பயன் உள்ளதாக இருந்ததா?'ன்னு தாள் இருக்கு. எடுத்துடலாமான்னு பாத்தேன். அப்புறம் இருக்கட்டும்னு விட்டுட்டேன். உங்கப்பாவுக்கும் யாராவது நாலு கேள்வி கேட்டாப் பிடிக்கும். அங்க யாராச்சும் ஓதினாங்களா?"

"எல்லாரும் ஓதினாங்க."

"அப்ப சரி. பேரு குடுத்துட்டியா?"

"இல்லம்மா."

மறுபக்கம் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"புள்ளி வரலியா?"

"வந்துச்சு. ஆபீஸ் மூடிட்டாங்க. ஒரு பொண்ணு பேசிட்டிருந்தா."

எண்ணெய் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டாள் போல.

"யாரு? எந்த ஊரு?"

"வொனோகிரி."

"நீ பேசினியா?"

"கொஞ்சம்."

"என்ன பேசின?"

"செருப்பப் பத்தி."

அம்மா திட்டப் போகிறாள் என்று செல்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"ஆறு மாசம் நான் பாத்துக்கறேன்" என்றாள். "வர்றப்ப பள்ளிவாசல் மோதின் வீட்ல ரெண்டு பாய் இரவல் வாங்கிட்டு வா. ஆளு நிறைய வரும்போல இருக்கு."