பதினோராம் எண் கட்டடம்

கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். மிரானின் குடும்பம் கெடவில்லை, அவர்கள் ஊர்தான் கெட்டுப்போயிருந்தது. டேபெக் மலையில் நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு சனங்கள் ஒவ்வொரு வீடாகக் கீழே இறங்கிப்போனார்கள். கடைசியில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு என்றால் அது மிரானின் மகள் போராம் ஒருத்திதான். ஓட்டப்பந்தயத்தில் அவளே முதல், அவளே கடைசி. மதியச் சோற்றை வாத்தியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பிறந்தநாளுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று மிரான் கேட்டபோது, "வாத்தியாரைக் கூப்பிடும்மா. அவருக்கும் வேற யாரு இருக்கா?" என்றாள். பத்து வயசுப் பிள்ளை பேசுகிற பேச்சா அது? என்ன ஆனாலும் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் போய்விடுவது என்று அன்றைக்கே மிரான் முடிவு செய்தாள்.

புருஷன் தொக்சுவுக்கு சியோலில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. டெப்போவுக்குப் பக்கத்தில் வீடு பார்த்தால் போதும் என்றான் அவன்.

"விடிகாலை நாலு மணிக்கு வண்டி எடுக்கணும். தூரமா பாத்தா நான் எப்படி வர்றது?"

"நீங்க உருண்டுகூட வாங்க. அவளுக்குப் பேச ஆள் வேணும்."

மகள் விஷயத்தில் அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது என்பது தொக்சுவுக்குத் தெரியும்.

கடலுக்காவது கரை உண்டு, சியோலுக்கு அதுவும் இல்லை. மூன்று வாரம் மிரான் கால் தேய அலைந்தாள். மற்றவர்கள் ரயில் நிலையம் எவ்வளவு தூரம், வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்ப்பார்கள். இவள் சாயங்காலம் நாலு மணிக்கு விளையாட்டுத் திடல் ஓரத்தில் நின்று தலைகளை எண்ணினாள். பணக்காரப் பேட்டைகளில் ஊஞ்சல்கள் சும்மா தொங்கின. பிள்ளைகள் எல்லாம் டியூஷனில் அடைந்து கிடந்தார்கள். வாடகை மலிவான சந்துகளில் கிழவர்கள் மட்டும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நகரின் வடகோடியில் ஒரு குடியிருப்பில் முப்பத்தொன்று வரை எண்ணினாள். அதற்கு மேல் அவர்கள் ஓடிய ஓட்டத்தில் கணக்கு தப்பிப்போனது. அங்கேயே வீட்டுத் தரகரைத் தேடிப் போனாள்.

ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட கட்டடங்கள் சொந்த வீட்டுக்காரர்களுடையவை. வேலிக்குப் பின்னால் இருந்த பதினொன்றும் பன்னிரண்டும் அரசாங்க வாடகை வீடுகள். எண்களைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். மிரானுக்குக் கட்டுப்படியானது பதினொன்றுதான். பள்ளிக்கூடம் எல்லோருக்கும் ஒன்றே.

வீட்டுத் தரகர் பியோ அம்மாள் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "பாப்பா அம்மா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இங்க பசங்க முதல்ல பேரைக் கேக்கமாட்டாங்க. எத்தனாவது கட்டடம்னுதான் கேப்பாங்க."

"கேட்டா சொல்லிட்டுப் போறா. திருடிட்டா வந்திருக்கோம்?" என்று சாவியை வாங்கிக்கொண்டாள் மிரான்.

அவர்கள் ஊர் வழக்கப்படி சோற்றுக் குக்கரை முதலில் உள்ளே கொண்டுபோய் வைத்துக் குடியேறினார்கள்.

முதல் நாள் பள்ளி விட்டு வந்த போராம் பையைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, எல்லாரும் எத்தனாவது கட்டடம்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பதினொண்ணு."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கல."

பிள்ளைகளுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் பெரியவர்கள் பேசுவது பிள்ளைகள் காதில் விழாமலா போகும்? இரண்டு வாரம் போராம் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். மூன்றாம் வாரம் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். முகம் விளக்கு ஏற்றியது போல ஆனது. சேயோன், ஹாரின் என்று பெயர் பெயராக வந்தது. கனவிலும் அந்தப் பெயர்களையே உளறினாள். மிரான் கும்பிடாத சாமி இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் முள்ளங்கியும் வெங்காயத்தாளும் வாங்கிக்கொண்டு மிரான் குறுக்கு வழியில் வந்தாள். மூன்றாம் எண் கட்டட வாசலில் நாலு பெண்பிள்ளைகள் நின்றார்கள். நடுவில் போராம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் அப்படிச் சிரித்து மிரான் பார்த்ததே இல்லை. "போராம்!" என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

போராம் முந்திக்கொண்டாள். கைகளை வயிற்றின் மேல் வைத்து இடுப்பு வரை குனிந்து, "வணக்கம் ஆன்ட்டி. நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

மிரான் மகளின் கண்ணைப் பார்த்தாள். அதில் திமிர் இல்லை, பயம்தான் இருந்தது. அம்மா, காட்டிக்கொடுத்துடாதே என்று அது கெஞ்சியது.

"நல்லா இருக்கேன்மா. அம்மாவைக் கேட்டதா சொல்லு" என்றாள் மிரான்.

"சரி ஆன்ட்டி. சொல்றேன்."

தோழிகளுக்குக் கை காட்டிவிட்டுப் போராம் மூன்றாம் எண் கட்டடத்துக்குள் போனாள். அவள் வீட்டுக்கு வந்து சேர அரைமணி ஆயிற்று. அதுவரை மிரான் முள்ளங்கியை நறுக்கவும் இல்லை, விளக்கைப் போடவும் இல்லை.

வந்தவள் பின்னாலிருந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முதுகில் கன்னத்தை வைத்தாள்.

"அம்மா, நீ சூப்பரா சமாளிச்ச! யாருக்கும் ஒண்ணும் தெரியல."

மிரான் முள்ளங்கியை எடுத்துக் கழுவினாள்.

"நாளைக்கும் அவங்க அங்கதான் விளையாடுவாங்க. நீ ஆறு மணிக்கு மேல கடைக்குப் போறியாம்மா?"

"சரிம்மா, ஆறு மணிக்கு மேலயே போறேன்" என்றாள் பெற்றவள்.