தும்மப் பயந்தவர் தூக்கிய காவடி

மகேஸ்வரன் தும்மக்கூடப் பயந்தார். அவருடைய அப்பாவும், போன ஆண்டு அண்ணனும், மூளையில் புடைத்திருந்த இரத்தக்குழாய் வெடித்துத்தான் இறந்துபோனார்கள். அதன்பிறகு அவர் கனமானது எதையும் தொடுவதில்லை. சண்டையும் போடுவதில்லை, கோபம் வந்தால் குழாய் வெடித்துவிடுமாம். மனைவி ஷாமளாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. வாய்க்கு வாய் பதில் சொன்ன மனுஷன் எதற்கெடுத்தாலும் "சரிம்மா" என்று தலையாட்டினால் வீடு வீடாகவா இருக்கும்? பயம் அவளுக்கும்தான். பக்கத்தில் படுத்தவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துப் பார்த்தே அவள் தூக்கம் போயிற்று.

ஒருவழியாக அவரை இழுத்துக்கொண்டு போய்த் தலைக்கு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எடுக்க வைத்தாள். இரத்த முடிவு முதலில் வந்தது. சி.கே. என்ற என்சைம் எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். "மூளையிலதான் ஏதோ கசியுது" என்று மகேஸ்வரன் முடிவே கட்டிவிட்டார். காப்புறுதிப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவர் காட்டியபோது, ஷாமளா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஸ்கூடாய் கிளினிக்கில் டாக்டர் பிரேமலா கேட்டார்: "ஹெவி எக்சர்சைஸ் ஏதும் பண்ணீங்களா? ஜிம்?"

"ஐயோ, இல்ல டாக்டர். அரிசி மூட்டகூட தூக்குறதில்ல."

"கீழ எங்கயாச்சும் விழுந்தீங்களா?"

"இல்லயே."

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். ஷாமளாவின் பார்வை கணவரின் சட்டைக் கழுத்தோரம் போனது. தோளில் தோல் உரிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. அவளுக்கே அதுவரை தோன்றவில்லை.

"என்னங்க, காவடி?"

"அது நேர்த்திக்கடன்லா! எக்சர்சைஸா?"

அண்ணனுக்கு வந்தது தனக்கு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, தைப்பூசத்தன்று ஆளுயரக் காவடியோடு உறுமி மேளத்துக்கு ஆடியபடியே கோயில்வரை போனவர், மறுநாள் காலையில்தான் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருந்தார். தூக்கியது முருகன், தான் அல்ல என்பது அவர் கணக்கு.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அலமாக்! இந்த என்சைம் தசையில இருந்து வருது அண்ணே. உடம்ப அந்த மாதிரி வருத்துனா ஏறத்தான் செய்யும். குழாய் புடைச்சிருக்கான்னு இது சொல்லாது, ஸ்கேன்தான் சொல்லணும்." கணினித் திரையைத் திருப்பினார். "ஸ்கேன் வந்துருச்சு, பாருங்க. எங்கயும் புடைப்பு இல்ல. நல்லா தண்ணி குடிங்க. ரத்தத்த மட்டும் அடுத்த வாரம் மறுபடி பார்த்துருவோம்."

ஷாமளாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெளியே வழக்கமான ஸ்கூடாய் நெரிசல். ஷாமளா காரை ஓட்டினாள். திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். பக்கத்தில் இருந்தவர் முதலில் கூரை அதிரத் தும்மினார். பிறகு கத்தினார்:

"அப்பவே சொன்னேன்ல, லெஃப்ட்ல போன்னு! என்னைக்காச்சும் நான் சொன்னத கேட்டிருக்கியா நீ?"

ஷாமளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவளும் தொண்டை கிழியக் கத்தினாள்.

"காவடி தூக்குனத டாக்டர்கிட்ட சொல்லத் தெரியல, நீங்க எனக்கு வழி சொல்றீங்களா?"