இடப்பக்க விளக்கு

இளவேனிலுக்கு வாய் சும்மா இருக்காது. மங்கிப்போன கார் விளக்குகளை வீடு தேடிப் போய்த் தேய்த்து, வெயில் தாங்கும் பூச்சு அடித்துத் தருவது அவள் தொழில். அந்தக் கார் இத்தனை நாள் எங்கே, எப்படி நின்றது என்று துருவுவது அவள் குணம். தொழிலுக்குக் கூலி கிடைக்கும், குணத்துக்கு வசவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அரியமங்கலத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்திருந்தாள். கூப்பிட்டவள் மைத்ரேயி, வங்கியில் வேலை. நாலு மணிக்குக் காரை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறதாம்.

"மூணு வருஷம் முன்னாடி அப்பா கரண்ட் கம்பத்துல மோதிட்டார். அப்போ ரெண்டு லைட்டும் புதுசா மாத்தினோம். இனிமே ஓட்டறதில்லேன்னு பெருமாள் மேல சத்தியம் பண்ணினார். அதுலேர்ந்து கார் இந்த ஷெட்டை விட்டு நகரலை" என்றாள்.

அந்த அப்பா, வீரராகவன், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாசற்படியில் உட்கார்ந்து பேப்பரின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டே இருந்தார்.

பெயிண்டில் கீறல் விழாமலிருக்க இளவேனில் விளக்குகளைச் சுற்றி டேப் ஒட்டினாள். தண்ணீர் தெளித்து, தேய்க்கிற உப்புத்தாளை வைக்கப் போன கை அப்படியே நின்றது. வலப்பக்க விளக்கில் வெறும் தூசி. இடப்பக்கம் மட்டும் மஞ்சள் பூத்து, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. நகத்தால் வருடினால் சொரசொரத்தது. இது வெயில் தின்ற விளக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் ஷெட்டுக்குத் தகரக் கூரை, மூன்று பக்கமும் சுவர், முன்னால் திரையாகத் தொங்கும் தார்ப்பாய் வேறு. வெயில் எந்த வழியாக வந்தது?

"அக்கா, ரெண்டு லைட்டும் ஒரே நாள்லதான் மாத்துனீங்களா?"

"ஒரே நாள், ஒரே கடை. ஏன்?"

"அப்படின்னா வண்டி இங்க நிக்கலக்கா. எங்கேயோ ஒரே இடத்துல, வலது பக்கம் சுவர் நிழல்லயும் இடது பக்கம் உச்சி வெயில்லயும் மணிக்கணக்கா நிக்குது. அதுவும் ரொம்ப நாளா!"

விடுகதையை அவிழ்த்துவிட்ட பெருமையில் சிரித்தபடி நிமிர்ந்தவள் பெரியவரின் முகத்தைப் பார்த்தாள். அதில் ரத்தமே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தியது, அகப்பட்டுக்கொண்டது ஒரு பாவப்பட்ட மனுஷன். அவளுக்குத் தன் நாக்கையே இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருந்தது.

"அப்பா, நீ எங்கேப்பா போயிண்டிருக்கே?" என்றாள் மைத்ரேயி.

அவர் பேப்பரை நாலாக மடித்தார். "மன்னார்புரம் ஆஸ்பத்திரிக்கு. சலாமுக்கு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. நீ ஆபீஸ் கிளம்பினதும் போயிட்டு, நீ வரதுக்குள்ள வந்துடுவேன்."

அப்துல் சலாம் அவரோடு முப்பது வருஷம் தொழிற்சாலையின் ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். அது மைத்ரேயிக்குத் தெரியும். சலாமின் சிறுநீரகம் பழுதானது தெரியாது.

"ஆட்டோ இல்லையா ஊர்ல?"

"ஏத்தி விட்டுப் பார்த்தேன். திரும்பி வரச்சே அந்தக் குலுக்கல்ல வாந்தி எடுத்து மயங்கிட்டான். அப்புறம் மனசு கேக்கலை."

"யாருமே பாக்கலையா உன்னை?"

"எதிராத்து மாமி பார்த்தா. நான்தான் சொல்லாதேங்கோன்னு கேட்டுண்டேன்."

"தெருவுக்கே தெரிஞ்சிருக்கு! விக்கலாம்னு நான் சொன்னப்போ ஏன் வாயே திறக்கலை?"

"திறந்தா எல்லாம் வெளியில வந்துடுமே" என்றார் வீரராகவன். "பயம்மா."

பயம் மகளுக்கும் இருந்தது. கம்பத்தில் நசுங்கிய பானெட்டும் அப்பாவின் நெற்றித் தையலும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனாலும் தார்ப்பாயைச் சரேலென்று முழுசாக ஒதுக்கினாள்.

"ஏறு. மன்னார்புரம் வரைக்கும் ஓட்டு. நான் பக்கத்துல உக்காண்டு பார்க்கறேன். ஒரு இடத்துல தடுமாறினேன்னு வெச்சுக்கோ, சாவி இன்னியோட என் கையில."

விளக்குகளைச் சுற்றி ஒட்டிய டேப்போடு, பிளாஸ்திரி போட்ட நோயாளியாய் கார் கிளம்பிப் போனது. இளவேனில் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கார் எந்த வழியாய்ப் போகிறது என்று துருவக்கூடத் தோன்றவில்லை. பெரியவர் ஒழுங்காய் ஓட்டிவிட வேண்டும் என்று ரங்கநாதரிடமும் சமயபுரத்தாளிடமும் சேர்த்தே வேண்டிக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. குறுகலான கேட்டுக்குள் கார் ஒரே வளைப்பில், எதிலும் உரசாமல் வந்து நின்றது. மைத்ரேயி இறங்கினாள். கண் சிவந்திருந்தது. போனை எடுத்து, காரைப் பார்க்க நாலு மணிக்கு வரவேண்டாம் என்று சொல்லி வைத்தாள். பிறகு இடப்பக்க விளக்கின் முன் குந்தி, அந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதைத் தேய்ச்சுப் பூச்சு அடிச்சா எத்தனை நாள் தாங்கும்?"

"நிழல்ல நின்னா மூணு வருஷம்க்கா. வெயில்ல நின்னா ஒண்ணுதான்."

"வெயில்லதான் நிக்கும். ரெண்டு தரம் அடிச்சுடும்மா."