மனசில் பட்டதைச் சொல்லுங்க

அலுவலகத்தில் அவனுக்கு மௌனச்சாமி என்று பெயர். புதிய செயலி எதுவானாலும், வெளியிடுவதற்கு முன் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் தட்டுத் தடுமாறுவதை வாய் திறக்காமல் பார்ப்பதுதான் அவன் வேலை. உதவி செய்யக் கூடாது. ஏதாவது கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்.

அந்த வேலைதான் அவன் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்து நின்றது. அதே அலுவலகத்தில் செயலிகளை வடிவமைக்கும் பெண்ணும் அவனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். "சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கிறவனுக்கா பொண்ணு குடுக்கிறது?" என்று அவள் அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

வீட்டு ரிப்பேருக்கு ஆள் கூப்பிட அவள் வடிவமைத்த செயலிக்குத் திங்கட்கிழமை வெளியீடு. செயலியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆள் யாரையாவது வீட்டிலிருந்து கூட்டி வரும்படி எல்லோரிடமும் சொன்னார் மேலாளர். வெள்ளிக்கிழமை கதவைத் திறந்துகொண்டு வந்தவள் சாட்சாத் அந்த அம்மாவேதான். அவன் அவளைப் போட்டோவில் பார்த்திருந்தான். அவளும் அவனைப் போட்டோவில் பார்த்திருந்தாள், அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேலாளர். பக்கத்தில், அம்மாவைக் கூட்டி வந்துவிட்டு ஒன்றும் அறியாதவள் போல மகள்.

"குழாய் ரிப்பேருக்கு வீட்டுக்கு ஆள் கூப்பிடணும், மேடம்," என்று ஒப்பித்தான். "செய்யும்போது மனசுல படறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவளுக்கு வேறென்ன வேண்டும்? "பையன் போட்டோவுல இருந்ததைவிட ஒல்லி," என்று திரையைத் தடவியபடியே ஆரம்பித்தாள். "சட்டை இஸ்திரிப் பெட்டியவே பாத்ததில்ல போல. குரல் பரவால்ல. சரி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னு போட்டாச்சு. அடுத்து எங்க அமுக்கணும்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எங்கயும் காணோம்னு நினைக்கிறேன்."

'உறுதி செய்க' பொத்தான் வெளிர் சாம்பல் நிறத்தில், வெள்ளைத் திரையோடு திரையாக ஒளிந்திருந்தது. அழகாக இருக்கும் என்று மகள் வைத்தது. வேண்டாம் என்று அவளிடம் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"எவ செஞ்ச வேலை இது? கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுத் தேடணுமா?"

கண்ணாடிக்கு அப்பால் மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கீழே வலது பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொன்னால் சோதனை பாழ். சொல்லாவிட்டால் அம்மா எரிச்சலில் எழுந்து போய்விடுவாள், கல்யாணமும் அவளோடு போய்விடும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "சொல்ல வந்ததை முழுங்கி முழுங்கியே வேர்த்துக் கொட்டுதே உனக்கு. இது சும்மா உக்கார்ற வேலை இல்லப்பா. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் இது வராது." மறுபடி குனிந்து தேடினாள். "இந்தா, இங்க பதுங்கியிருக்கு!"

அமுக்கினாள். 'ஞாயிறு மாலை ஆள் வருவார்' என்று திரையில் வந்தது.

"வருவானா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் நினைக்கிறதைத்தான் இவ்வளவு நேரம் கொட்டித் தீத்துட்டேனே. குழாய்க்காரனை யாரு கேட்டா? உன்னைக் கேக்கிறேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றியா?"

மௌனச்சாமி விதிகளைக் காற்றில் பறக்கவிட்டான்.

"வர்றேன், அத்தை."

"இஸ்திரி போட்டுக்கிட்டு வா," என்றாள் அவள்.