ஏழு மணியும் அரை நிமிடமும்

என் கணினித் திரையில் திலகவதி அக்கா வேலைக்கு வந்த நேரம் 7:00. அச்சடித்த அறிக்கையில் 7:01. ஒரே டேட்டாபேஸ், ஒரே பதிவு. காலையிலிருந்து என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

செங் என்ற ஊரில் இருந்த எங்கள் தொழிற்சாலையில் 7:01க்கு கார்டைத் தேய்த்தால் தாமதம். மாதத்தில் மூன்று தாமதம் சேர்ந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். இதோடு அக்காவுக்கு இரண்டு ஆகிவிட்டது.

மதியத்துக்குள் கோளாறைக் கண்டுபிடித்தேன். வாசல் கடிகாரம் விநாடியோடுதான் நேரத்தைப் பதிகிறது. அதைத் திரைக்குக் கொண்டுவரும் டிரைவர் மென்பொருள் விநாடிகளை வெட்டிவிடுகிறது. அறிக்கைக்குப் போட்ட புது டிரைவரோ, அரை நிமிடம் தாண்டினாலே அடுத்த நிமிடமாக்கிவிடுகிறது. இந்த அழகுக்கு ஒரு மனுஷியின் வேலை போகவேண்டுமா?

பணியாளர் அதிகாரி பாலகிருஷ்ணனிடம் ஓடினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒரு ஆளுக்கு மட்டும்தானே லேட்டு வருது, வாணி? சிஸ்டம் தப்புன்னா எல்லாத்துக்கும்ல வரணும். சிஸ்டம் போட்ட கேஎல் ஆளு அடுத்த மாசம் வருவான், அப்ப பார்ப்போம்லா. அதுவரைக்கும் ரிப்போர்ட்தான்."

அக்காவுக்கு மட்டும் ஏன் என்று எனக்குத் தெரியும். எஸ்டேட் தோட்டத்துப் பெண்களை அக்காவை நம்பித்தான் வீட்டார் வேலைக்கு அனுப்புகிறார்கள். தொழிற்சாலை பஸ் ஏழு மணியை உரசிக்கொண்டு வந்து நிற்கும். எல்லோரும் இறங்கி, எல்லோரும் கார்டு தேய்த்த பிறகே அக்கா தன் கார்டை எடுப்பார்.

கேண்டீனில் அவரைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன், பாலகிருஷ்ணன் சொன்னதையும் சேர்த்து. "நாளைக்கு நீங்க முதல்ல பன்ச் பண்ணுங்கக்கா."

"பிள்ளைங்கள விட்டுட்டு நான் முன்னால ஓடவா? அவங்க அம்மாமாருக்கு என்ன பதில் சொல்றது?" அக்கா சோற்றைப் பிசைந்தார். "போனா போவட்டும்லா."

பக்கத்து மேசையில் ஜெயாவும் மற்ற தோட்டத்துப் பெண்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை இருப்புக் கொள்ளாமல் வாசலில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் வந்தது. பெண்கள் இறங்கிக் கடிகாரத்தருகே ஓடினார்கள். ஆனால் ஒருத்தியும் கார்டு தேய்க்கவில்லை.

கடைசியாக வந்த அக்கா பதறிப்போனார். "ஏன்டி நிக்கிறீங்க? மணியப் பாருங்க."

ஜெயா அவர் கையைப் பிடித்து முன்னே இழுத்துவிட்டாள். "நீங்க முதல்லக்கா. இன்னிக்கு நாங்க லேட்டா இருந்துக்கிறோம்."

அக்கா தேய்த்தார். பிறகு அரை நிமிடம் தாண்டும்வரை ஆடி அசைந்து நின்றுவிட்டு, ஒவ்வொருத்தியாகத் தேய்த்தார்கள்.

அன்றைய அறிக்கையையும் திரையின் பிரதியையும் பாலகிருஷ்ணனின் மேசையில் வைத்தேன். திரையில் எல்லோரும் 7:00. அறிக்கையில் திலகவதியைத் தவிர பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் 7:01. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், போனை எடுத்து கேஎல் ஆளை உடனே வரச் சொன்னார். அக்காவின் பழைய தாமதங்களையும் தன் கையாலேயே கோடிட்டு அடித்தார்.

நான் கேண்டீனுக்கு ஓடினேன். அங்கே அக்கா, "உங்க பேரு கெட்டுப்போனா என்னடி பண்றது?" என்று ஒவ்வொருத்தியாகத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டும்போதே அழுதுகொண்டிருந்தார்.